விளம்பரத்தில் மயங்கிய பிள்ளை, கையைவிட்டுப் போன பணம்: சேலத்துப் பெற்றோர் செய்ய வேண்டியவை

கேமில் வைரம் வாங்கக் கார்டிலிருந்து பணம் போயிருக்கும். டெமோ வகுப்பு பார்த்த மறுநாளே தவணைக் கடனில் ஆன்லைன் வகுப்பு எடுத்திருப்பீர்கள், பிள்ளை பத்து நாளில் அதைத் திறப்பதையே விட்டிருப்பான். உயரம் கூடும், மூளை சுறுசுறுப்பாகும் என்று சொன்ன பவுடரை மாதக்கணக்கில் கலக்கிக் கொடுத்திருப்பீர்கள். ஐந்து ரோட்டு ஃப்ளெக்ஸில் வரிசையாக இருந்த முகங்களைப் பார்த்து நீட் பயிற்சி மையத்தில் பணம் கட்டியிருப்பீர்கள். இந்த நான்கில் ஒன்று உங்கள் வீட்டில் நடந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிற இடம் வேறு, விளம்பரத்தை நிறுத்துகிற இடம் வேறு. இரண்டையும் ஒரே மனுவில் போட்டு ஒரே இடத்தில் கொடுத்தால், மாதங்கள் ஓடிய பிறகு "இது எங்கள் வேலை இல்லை" என்று பதில் வரும்.

1. முதல் ஒரு மணி நேரம்: திட்டாதீர்கள்

இது அறிவுரை இல்லை, சாட்சியைக் காப்பாற்றுகிற வழி. எந்த வீடியோவில் பார்த்தான், எதைத் தொட்டான், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். பயந்துபோன பிள்ளை முதலில் செய்கிற வேலை அந்த ஆப்பை நீக்குவது, ஹிஸ்டரியை அழிப்பது. அதோடு கேம் கணக்கின் பிளேயர் ஐடி, சாட்டில் வந்த சலுகைச் செய்தி எல்லாம் போய்விடும்.

"கண்ணு, நான் திட்ட மாட்டேன். நீ பார்த்த வீடியோவை மட்டும் காட்டு" என்று உட்கார்ந்து கேளுங்கள். அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். "எல்லார்கிட்டயும் இருக்கு, என்கிட்ட மட்டும் இல்லைன்னு கேலி பண்றாங்க" என்று அவன் சொன்னால் அது வெறும் புலம்பல் இல்லை. எந்த விதி மீறப்பட்டது என்பதற்கான துப்பு பல நேரம் அந்த வாக்கியத்திலேயே இருக்கும்.

போனை ரீசெட் செய்யாதீர்கள், ஆப்பை நீக்காதீர்கள். கார்டை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2. எது விதிமீறல், எது வெறும் ஆசைகாட்டல்

எல்லா விளம்பரமும் குற்றமாகாது. அழகாகக் காட்டி ஆசை மூட்டுவதை யாரும் தடுக்க முடியாது. 2022 ஜூன் 9 அன்று மத்திய அரசு வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சொன்னவற்றில் வீட்டுக்கு அடிக்கடி வருபவை இவை:

- இந்தப் பொருள் இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள், மட்டமாக நினைப்பார்கள் என்று உணர்த்துவது.
- "அம்மாகிட்ட சொல்லி வாங்கு" என்று பிள்ளையை நேரடியாகத் தூண்டுவது.
- அறிவோ உடல் திறனோ கூடும் என்று தக்க ஆதாரம் இல்லாமல் சொல்வது.
- தேவையில்லாத பொருளைப் பரிசு காட்டி வாங்க வைப்பது.
- சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைக் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு நடுவிலோ குழந்தைகளுக்கான சேனலிலோ விளம்பரம் செய்வது.

மருந்து என்ற பெயரில் உயரத்தைக் கூட்டுவதாகச் சொல்லவே கூடாது. மருந்து விதிகளின் அட்டவணை ஜே-யில் அது தெளிவாக இருக்கிறது.

பவுடர் டப்பாவைப் பொறுத்தவரை, முன்பக்கத்தை விட்டுவிட்டுத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்று ஒரு வரி இருக்கும். 100 கிராமுக்கு 30 கிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வேளை அளவு 20 கிராம் என்றால் ஒரு டம்ளரில் 6 கிராம் சர்க்கரை, தினத் தேவையில் 12 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். இங்கே இரண்டு கண்ணி இருக்கிறது. வீட்டில் நாம் குவித்துப் போடுகிற இரண்டு கரண்டி 30 கிராம் வரை வரும். காலை, மாலை இரண்டு டம்ளர் என்றால் 18 கிராம் ஆகிவிடும். நாம் மேலே தனியாகப் போடுகிற சர்க்கரை இதில் சேராது. இன்னொன்று, அந்தச் சதவீதம் 2000 கலோரி சாப்பிடுகிற பெரியவருக்கான கணக்கு. ஒரு நாளைக்கு 50 கிராம் என்பதை வைத்துப் போட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு பொருந்தாது. புகாரில் இந்தக் கணக்கை எழுதுங்கள். "பவுடர் நல்லா இல்லை" என்று எழுதுவதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

பயிற்சி மையங்களுக்கு 2024 நவம்பர் 13 அன்று தனி நெறிகள் வந்தன. 50 பேருக்கு மேல் சொல்லித்தரும் மையங்களுக்கு அவை பொருந்தும். வெற்றி பெற்றவர் படத்தைப் போட்டால் பெயர், ரேங்க், எந்தப் பாடத்திட்டம், எவ்வளவு காலம் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் போட வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகுதான் மாணவரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்க வேண்டும். சேரும்போதே வாங்கிய கையெழுத்து செல்லாது. இல்லாத அவசரத்தை உண்டாக்கி, "இன்னும் மூணு சீட்டுதான்" என்று பொய்யாக நெருக்குவதும் தவறு. ஃப்ளெக்ஸில் இருக்கும் முகம் ஒரு வாரத் தேர்வுத் தொடரில் மட்டும் கலந்துகொண்டவராகவும் இருக்கலாம். அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்தவுடன், "இந்தப் பையன் எந்தக் கோர்ஸ்ங்க, எத்தனை மாசம் படிச்சான்?" என்று கேட்டுவிடுங்கள்.

யூடியூப், இன்ஸ்டாகிராமில் பேசுகிறவர்கள் காசு வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று தெரியும்படி எழுத வேண்டும். 15 வினாடி வரையிலான வீடியோவில் குறைந்தது 3 வினாடி, 2 நிமிடத்துக்குள் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அந்தக் குறிப்பு தெரிய வேண்டும் என்று விளம்பரத் தர மன்றமான ஏஎஸ்சிஐ 2021-இல் வகுத்தது. குறிப்பில் "மேலும்" என்பதைத் தொட்டால்தான் தெரிகிற இடத்தில் ஒளித்து வைப்பதும் மீறல்தான்.

3. ஆதாரம்: விளம்பரம் மறைவதற்குள்

புகார்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆன்லைன் விளம்பரம் நேற்று இருந்தது, இன்று இருக்காது.

ஆன்லைன் என்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் ஸ்கிரீன் ரெக்கார்டும் எடுங்கள். விளம்பரத்தைத் தொட்டதிலிருந்து பணம் கட்டும் பக்கம் வரை ஒரே ஓட்டமாக, கணக்கின் பெயரும் தேதியும் தெரிய எடுக்க வேண்டும். லிங்க்கைக் காப்பி செய்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். மெட்டாவின் ஆட் லைப்ரரியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, நாடு இந்தியா என்று தேர்ந்தால் அவர்கள் இப்போது ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓட்டும் விளம்பரங்கள் எல்லாம் தெரியும். இதற்குக் காசில்லை. ஓட்டம் நின்றவுடன் சாதாரண விளம்பரங்கள் அங்கிருந்தும் போய்விடும். கூகுளுக்கும் இப்படி ஒரு ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர் இருக்கிறது.

டிவி என்றால் சேனல், தேதி, மணி, எந்த நிகழ்ச்சிக்கு நடுவில் என்பதைக் குறியுங்கள். பத்திரிகை என்றால் விளம்பரத்தை மட்டும் கத்தரிக்காமல் தேதி தெரிகிற முழுப் பக்கத்தையும் வையுங்கள். ஃப்ளெக்ஸ் என்றால் பக்கத்துக் கடைப் பலகையும் தெரிய ஒரு படம், கீழே இருக்கும் பொடி எழுத்து படிக்கிற மாதிரி கிட்டப் போய் இன்னொரு படம்.

இவற்றோடு ரசீது, வங்கிக் கணக்கில் பணம் போன வரி, விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்திகள், கடன் ஒப்பந்தம், பிள்ளையின் வயதுச் சான்று நகல் சேர வேண்டும். போனில் பேசியதை மட்டும் நம்பாதீர்கள். "மேடம், புடிக்கலைன்னா பதினஞ்சு நாள்ல ஃபுல் ரீஃபண்ட்" என்று அவர் சொன்னால், "நீங்கள் இப்போது சொன்னது: 15 நாளில் முழுப் பணம் திரும்ப வரும். சரியா?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அவர் போடுகிற ஒரு 'எஸ்' பின்னால் பெரிய துணை.

4. கேமில் போன பணம்: 48 மணி நேரம்

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் கணக்கைத் திறந்து பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதற்குள் பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி போய் ஒவ்வொரு வாங்கலின் ஆர்டர் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அது ஜிபிஏ என்று தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுளிடமே கேட்கலாம். அதைத் தாண்டினால் கேம் நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். பத்துத் தடவை வாங்கியிருந்தால் பத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு எல்லாம் வரும் என்று காத்திருந்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஐபோனில் ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' பக்கத்தில் கேட்க வேண்டும்.

காரணம் கேட்கிற இடத்தில் "குடும்பத்தினர் என் அனுமதி இல்லாமல் வாங்கினார்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வங்கிக்குப் போன் செய்து "யாரோ திருடிவிட்டார்கள்" என்று சொல்லாதீர்கள். மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களுடையது இல்லை என்கிற ரிசர்வ் வங்கி விதி, வெளியாள் செய்த மோசடிக்குத்தான். பிள்ளை உங்கள் ஓடிபியைப் பார்த்துப் போட்டிருந்தால் அது மோசடிக் கணக்கில் வராது. பொய் தெரிந்தவுடன் நியாயமான கோரிக்கையும் படுத்துவிடும்.

பணம் வைத்து ஆடுகிற விளையாட்டு என்றால் வழி வேறு. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அதையும் அதன் விளம்பரத்தையும் சேர்த்தே தடை செய்கிறது. 1930 சைபர் குற்ற எண்ணை உடனே கூப்பிடுங்கள்.

5. தவணைக் கடனில் எடுத்த வகுப்பு

இங்கே உங்களுக்கு எதிரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வகுப்பு நடத்துகிறவர், மற்றவர் கடன் கொடுத்த நிதி நிறுவனம். "மாசா மாசம் ஃபீஸ்தான் சார்" என்று சொல்லியிருப்பார்கள். ஒப்பந்தத்தைத் திறந்தால் முழுத் தொகையும் கடனாக உங்கள் பெயரில் இருக்கும். முதலில் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்' என்ற பக்கத்தைத் தேடுங்கள். வட்டி, தவணை, விலகும் காலம் எல்லாம் அதில் இருக்கும். டிஜிட்டல் கடனில் குறைந்தது ஒரு நாளாவது விலகும் காலம் தர வேண்டும். அந்தக் காலத்துக்குள் அசலும் அதுவரையான வட்டியும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியேறலாம்.

காலம் தாண்டிவிட்டதா? கோபத்தில் ஆட்டோ பேயை நிறுத்தாதீர்கள். தவணை திரும்பினால் அபராதம் சேரும், சிபில் மதிப்பெண் விழும். பிறகு உங்கள் வீட்டுக் கடனுக்கே அது தடையாகும். முதலில் வகுப்பை ரத்து செய்வதாக இருவருக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். விவரம் கேட்க 14448.

6. 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதியலாம். பதிந்தவுடன் வரும் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அதுவே பல நேரம் போதும், ஏனென்றால் கஸ்டமர் கேரில் கண்டுகொள்ளாத புகார் அங்கிருந்து வந்தால் வேறு மேஜைக்குப் போகும். ஒரு மாதம் பாருங்கள்.

புகாரை நான்கே வரியில் சொல்லுங்கள். இப்படி:

"என் 12 வயது மகன் ஜூன் 3 அன்று இந்த லிங்க்கில் உள்ள விளம்பரத்தைப் பார்த்தான். அதில் 60 நாளில் கணக்கில் முதலிடம் என்று உறுதி சொல்லப்பட்டது. அதை நம்பி ஜூன் 5 அன்று 38,000 ரூபாய் கட்டினேன், ஜூன் 12 அன்று ரத்து கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை. கட்டிய பணம் முழுவதும் வேண்டும்."

பிள்ளை அழுததையும் விற்பனையாளர் மரியாதை இல்லாமல் பேசியதையும் இதில் சேர்க்க மனம் துடிக்கும். வேண்டாம். தேதி, தொகை, என்ன வேண்டும் என்ற மூன்றும் அதற்குள் மறைந்துபோகும்.

7. விளம்பரத்தை நிறுத்த

ஏஎஸ்சிஐ-க்கு 7710012345 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் விளம்பரத்தை அனுப்பலாம். இலவசம். விளம்பரத்தை மாற்றவோ எடுக்கவோ சொல்வார்கள், பணம் வாங்கித் தர மாட்டார்கள்.

கடுமையான இடம் சிசிபிஏ எனப்படும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடும் அதிகாரம் அதற்கு உண்டு. விளம்பரத்தில் நடித்த பிரபலத்துக்கும் இது பொருந்தும். டெல்லிக்குத்தான் எழுத வேண்டும் என்றில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமே புகார் கொடுக்கலாம். சேலம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் "பிரிவு 17-இன் கீழ்" என்று எழுதாவிட்டால் அது பொது மனுவாகி வேறு துறைக்குச் சுற்றும். ஏற்காட்டில் இருப்பவர்கள் இதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியதில்லை, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்தால் போதும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

இந்த மனுவில் உங்கள் பணத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம். இதே விளம்பரம் ஊரில் எத்தனை பிள்ளைகளை இழுக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்குக் கனம் கூடும்.

கோபத்தில் பிள்ளையின் படத்தையும் பள்ளிப் பெயரையும் போட்டு சமூக வலைதளத்தில் நிறுவனத்தைத் திட்டாதீர்கள். நாளைக்குப் பள்ளியில் அதைச் சுமப்பது பிள்ளைதான்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டங்களை விற்கவும் விளம்பரம் செய்யவும் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை விதிக்கின்றன. பெட்டிக் கடை அண்ணனிடம் சண்டைக்குப் போகாமல், பள்ளித் தலைமையாசிரியருக்கும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும் எழுதுங்கள்.

8. மாவட்ட நுகர்வோர் ஆணையம்

1915-இல் தீரவில்லை என்றால் இங்கே. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தின் கடைசியில் "பெங்களூரு நீதிமன்றம் மட்டுமே" என்று இருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். சிறுவர் சார்பாகப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ புகார் தரலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே பதியலாம்.

கட்டணம் நீங்கள் கட்டிய தொகையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை ஒன்றும் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1000. செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ், நோட்டரி, தபால்தான். நேரில் கொடுப்பதானால் ஆணையத்துக்கு மூன்று செட், எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட், உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடன் விவகாரத்தில் நிதி நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் உத்தரவு வந்த பிறகும் தவணை ஓடும்.

காலக்கெடு இரண்டு வருடம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான கோடு. பள்ளி, கல்லூரிக் கட்டணத் தகராறு நுகர்வோர் சட்டத்தில் வராது, பயிற்சி மையம் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் சொன்னது. பள்ளியும் நீட் பயிற்சியும் ஒரே வளாகத்தில் நடந்து ஒரே ரசீதில் பணம் வாங்கும் இடங்களில் இது பெரிய சிக்கலாகிவிடும். சேரும்போதே பயிற்சிக்குத் தனி ரசீது கேட்டு வாங்குங்கள்.

9. அடுத்த தடவை நடக்காமல்: போனில் பத்து நிமிட வேலை

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் பர்ச்சேஸ் வெரிஃபிகேஷனை ஒவ்வொரு வாங்கலுக்கும் கேட்கும்படி வையுங்கள். பிள்ளைக்குத் தெரியாத பின் எண் முக்கியம். வண்டி எண்ணும் பிறந்த வருடமும் அவனுக்கு மனப்பாடம். பதின்மூன்று வயதுக்குள் என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க்கில் அவனுக்கெனத் தனிக் கணக்கு தொடங்குங்கள், உங்கள் கணக்கில் விளையாட விடாதீர்கள். கூகுளின் மை ஆட் சென்டரில் தனிப்பயன் விளம்பரத்தை அணைத்து, சூதாட்டம், மது, எடைக் குறைப்பு ஆகிய தலைப்புகளையும் குறைக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், ஆட்ஸ் போய் விளம்பர ஐடியை நீக்குங்கள். இன்ஸ்டாகிராமில் பிள்ளை உண்மையான பிறந்த தேதியைப் போட்டிருக்கிறானா என்று பாருங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் டீன் கணக்குக்கான பாதுகாப்பு எதுவும் வராது.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரத்திலிருந்து கல்லூரி ஏஜெண்டுகளின் போன் தொடங்கிவிடும். மார்ச் மாதத்துக்கு முன்பே, விற்பனை அழைப்புகளைத் தடுக்கும் எண்ணான 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பி வையுங்கள். அதன் பிறகும் அழைப்பு வந்தால் ஏழு நாளுக்குள் அதே 1909-இல் எண், தேதி, என்ன சொன்னார்கள் என்பதோடு புகார் தர வேண்டும். எட்டாம் நாள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.